ஆறு மணிக்குக் கழற்றிய சப்பாத்துகள்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. சண்டை என்றால், நான் கத்தினேன். மற்றவர்கள் டிவி பார்த்தார்கள். என் அக்காவின் பேத்தி அனித்தா பங்சாரில் ஒரு நடன வகுப்புக்குப் போகிறாள். பரதம் இல்லை, ஜோடி சேர்ந்து ஆடுகிற வால்ட்ஸ் வகையறா. சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்தவள் தன் கறுப்பு நைலான் பையைத் திறந்தாள், "ஐயோ" என்றாள். உள்ளே இருந்தது அவளுடைய சப்பாத்து இல்லை. அவளைவிடப் பெரிய கால் உள்ள யாரோ ஒருத்தியுடையது.

"கிளாஸ்ல எல்லாருக்கும் இதே பேக்தான் சின்னப் பாட்டி. ஒரே கடையில வாங்குனது. அடுத்த வாரம் மாத்திக்கலாம் லா. ஏன் இவ்ளோ டென்ஷன்?"

"அடுத்த வாரமா? இப்பவே உன் டீச்சருக்குப் போன் போடு. போட்டுட்டு வந்து சோறு தின்னு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போன் பக்கம் போனாள். ஒரு ஜோடி சப்பாத்துக்கு இந்தக் கிழவி ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று நீங்களும் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பையை மூக்கருகே கொண்டுபோனேன். பழகிய தோல், வியர்வை, அடியில் லேசாகப் பவுடர். அந்தப் பவுடர் வாசனைதான் என்னைத் தூக்கிக்கொண்டு போய் பிரிக்பீல்ட்ஸில் இறக்கிவிட்டது.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்கள் முந்திய பிரிக்பீல்ட்ஸ். ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பலகை ஹால் இருந்தது. வார நாட்களில் அங்கே பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மாதாந்திர செபக் கூட்டம், யாராவது செத்தால் துக்கக் கூட்டம். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் போரிக் பவுடரைத் தூவுவோம். பலகை வழுவழுப்பாகி, கால் தானாகச் சறுக்கும். சுவரில் பெரிய மாதா படம் ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்குமுன் அதன் முன்னால் ஒரு பச்சைத் திரையை இழுத்துவிடுவோம். மாதா பார்க்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் திரையை இழுக்க யாரும் மறந்ததும் இல்லை.

இதற்கு 'டீ டான்ஸ்' என்று பெயர். ராச்சாப்பாட்டுக்குள் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற நிபந்தனையில்தான் பெற்றோர்கள் விட்டார்கள். ரயில்வே கிளார்க்குகள், கார்டுகள், அவர்களுடைய தங்கைகள், மெதடிஸ்ட் பள்ளி வாத்தியார்கள், கிள்ளானிலிருந்து ரயிலேறி வரும் ஒரு கூட்டம். நடத்தியவர் தம்பிராசா ஐயா, ரயில்வேயில் தலைமை கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, கழுத்தில் டை. கிராமபோன் அவருடையது. ஆட்டத்தைப் புத்தகம் பார்த்துக் கற்றவர், அதனால் புத்தகம் மாதிரியே ஆடுவார். பக்கம் திருப்பும் நேரம் வந்தால் ஒரு நொடி நிற்பார்.

எனக்கு ஆட்டம் வரவில்லை. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. என்னோடு ஒருமுறை ஆடியவர்கள் அடுத்த வாரம் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்து, "இன்னிக்குக் கொஞ்சம் உக்காந்து பேசலாமா?" என்பார்கள். வார நாளில் சின்னப் பிள்ளைகள் வகுப்பு டீச்சர், சனிக்கிழமை கிராமபோனுக்குச் சாவி கொடுப்பவள். தேநீர் ஊற்றுவதும் நான்தான். உண்மையில் நான் அங்கே போனது அக்கா ஆடுவதைப் பார்க்க.

என் அக்கா பிலோமினா. எல்லாருக்கும் பிலோ. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலை வளர விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு விரல் தடிப்பு அளவுக்குக் குட்டை. நடந்தால் தோள் ஒரு பக்கம் சாயும். குவார்ட்டர்ஸில் இரண்டு பிலோ இருந்ததால் இவளுக்கு 'நொண்டி பிலோ' என்று பெயர். வைத்தவர்களுக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லையாம். அக்கா தையல்காரி. ஆட வருகிற பெண்களில் பாதிப் பேரின் கவுன் எங்கள் வீட்டு மிஷினில் தைத்ததுதான். மற்றவர்கள் ஆடுவதற்காகத் தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒருநாள் போதும் என்று தோன்றியது.

பிரிக்பீல்ட்ஸில் அப்போது தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளி சப்பாத்துக் கடை வைத்திருந்தார். நாங்கள் எல்லாரும் அவரிடம்தான் வாங்குவோம். கறுப்புத் தோல், குறுக்கே ஒரு வார், சின்னக் குதிகால். பெண்களுக்கு அவரிடம் அந்த ஒரு மாதிரிதான் உண்டு. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பாவாடை நுனியைத் தூக்கி, இரண்டு காலையும் அவர் முன் வைத்து, "சாத்து பாஞ்சாங், சாத்து பெண்டெக்" என்றாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தவுக்கே குனிந்து பார்த்துவிட்டு, "போலே" என்றார். முடியும் என்று அர்த்தம். எழுந்திருக்கும்போது அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: வெளியே பார்த்தால் மற்றவர்களுடைய சப்பாத்து மாதிரியே இருக்க வேண்டும், ஒரு வித்தியாசமும் தெரியக் கூடாது.

அவர் அப்படியே செய்து கொடுத்தார். உயரத்துக்கான தக்கையை இடது சப்பாத்தின் உள்ளே வைத்து, மேலே மெல்லிய தோலால் மூடிவிட்டார். கையை உள்ளே விட்டால்தான் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு அவள் முதன்முதலில் ஹாலில் வால்ட்ஸ் ஆடியபோது நான் கிராமபோனுக்குச் சாவி கொடுக்க மறந்தேன். பாட்டு இழுபட்டு நின்றது, எல்லாரும் என்னைத் திட்டினார்கள். திட்டினால் திட்டட்டும். தோள் சாயாமல் என் அக்காவை நான் அதுவரை பார்த்ததில்லை.

இனி ஆறு மணி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரர்கள் கிளப்பில் சப்பாத்து மாறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாறவே வழியில்லை, அவர்கள் அதைக் கழற்றினால்தானே? நம்முடைய கதை வேறு. ஆறு மணிக்கு மாதா கோயிலில் திரிகால செப மணி அடிக்கும். அடித்ததும் நான் கிராமபோன் ஊசியைத் தூக்குவேன். யாரோ ஒருவர் பச்சைத் திரையை விலக்குவார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஜோடியை விட்டு விலகி, சப்பாத்தைக் கழற்றிக் கதவோரம் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு மாதா முன் நின்று செபம் சொல்வோம். மாதாவுக்கு முன் சப்பாத்தோடு நிற்க எங்களில் ஒருவருக்கும் கால் வராது. மெதடிஸ்ட்காரர்கள் செபம் சொல்ல மாட்டார்கள், ஆனால் மரியாதைக்குக் கழற்றுவார்கள். தம்பிராசா ஐயா முதல் ஆளாகக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் யாரைக் கும்பிட்டார் என்று நாங்கள் கேட்டதில்லை.

செபம் முடிந்து தேநீர். சப்பாத்தோடு சாப்பிடுவதும் நமக்கு ஆகாதே, ஆக அதுவும் வெறுங்காலில்தான். பிறகு உள்ளூர்க்காரர்களுக்கு இன்னும் ஒரு வால்ட்ஸ் உண்டு. கிள்ளான் கூட்டத்துக்கு ரயில். அவர்கள் கையிலிருந்த கேக்கை வாயில் திணித்துக்கொண்டு, கதவோரக் குவியலில் கையை விட்டு, அகப்பட்ட ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். எல்லாம் கறுப்பு, எல்லாம் குறுக்கு வார். பைகளோ கோதுமை மாவுச் சாக்கை வெட்டித் தைத்த ஒரே மாதிரிப் பைகள். அளவு பொருந்தாமல் வாரா வாரம் யாராவது புலம்புவார்கள். அடுத்த வாரம் மாற்றிக்கொள்வார்கள். சிரிப்புக்குரிய விஷயமாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. ரயிலைப் பிடிக்க கிள்ளான் கூட்டம் வழக்கத்தைவிட முந்தியே ஓடியது. நான் கடைசி வால்ட்ஸுக்கு இசைத்தட்டைப் போட்டேன். அக்கா காலை நுழைத்து வாரை மாட்டி எழுந்தாள். எழுந்தவள் இடது பக்கம் சாய்ந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஜோடி ஆட வந்த பையன் கையை நீட்டியபடி நிற்கிறான். அக்கா குனிந்து சப்பாத்துக்குள் விரலை விட்டுத் தடவினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என்னோடது இல்லடி."

இருந்த எல்லாச் சப்பாத்துக்குள்ளும் கையை விட்டுப் பார்த்துவிட்டேன். தம்பிராசா ஐயாவுடையதையும் விடவில்லை. இல்லை. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். அக்கா வெறுங்காலோடு, தோள் சாய்ந்து சாய்ந்து வந்தாள்.

அம்மா தலையைத் துவட்டிவிட்டபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "செபம் சொல்ற நேரத்துல போயிருக்கு. மாதாவே வேணாம்னு சொல்லிட்டாங்க. ஆடினது போதும்."

"செபம் சொல்லத்தானேம்மா கழட்டினேன்? அதுக்கா தண்டனை?" என்றாள் அக்கா. கேள்வி நியாயமாக இருந்தால் அம்மா இன்னும் உறுதியாகிவிடுவாள்.

வேறு செய்துகொள்ளலாமே என்பீர்கள். தவுக்கே அந்த மாதம்தான் சீனாவுக்குப் போயிருந்தார். எப்போது வருவார், வருவாரா என்று கடையில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்த கையோடு, மாறி வந்த சப்பாத்தை மாவுச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். யார் வீடு என்று தெரியாது. ஒவ்வொரு வீடாகத் தட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு அப்போது இருபது சொச்சம் வயது. கோபம் வந்தால் ஊரே சின்னதாகத் தெரிகிற வயது.

ஒரு வீட்டையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. கிள்ளான் ஸ்டேஷன் வாசலில், இறங்கியவர்களிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்த ரயில்வே இளைஞரிடம், "நேத்து பிரிக்பீல்ட்ஸ் டான்ஸுக்கு வந்த பிள்ளைங்க வீடெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் என் பையைப் பார்த்தார்.

"சப்பாத்து மாறிடுச்சா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தங்கச்சி சப்பாத்துல என்னமோ உள்ள துருத்திக்கிட்டு நிக்குதுன்னு காலையில அம்மா குடைஞ்சிட்டு இருந்தாங்க" என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. ரயிலை அனுப்பிவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார். சூசை என்று பெயர். சனிக்கிழமையில் வேலை இருப்பதால் டான்ஸுக்கு வந்ததில்லை. தங்கை ஸ்டெல்லாதான் பக்கத்து வீட்டுப் பெண்களோடு வருவாள்.

அவருடைய தாயார் லூர்தம்மா வாசலுக்கே வந்து என்னை வரவேற்றார். நல்ல மனுஷி. நல்ல மனுஷிகள் செய்கிற கேட்டுக்கு அளவே இல்லை. "வாம்மா, வா. அந்தக் கடைக்காரன் ஒரு கட்டையை உள்ளேயே மறந்து விட்டுட்டாம்மா. பிள்ளைக்குக் கால் வலிக்குமேன்னு கத்தியால நெம்பி எடுத்து அடுப்புல போட்டுட்டேன். இப்ப ரெண்டும் சமமா ஆயிடுச்சு, பாரு."

நீட்டினார். நான் வாங்கி உள்ளே விரலை விட்டேன். சமமாகத்தான் இருந்தது.

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லி முடித்தபோது ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தாள், லூர்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சூசை அடுப்பு முன் குத்துக்காலிட்டுச் சாம்பலைக் கிளறினார். தக்கை எரிந்தால் என்ன மிஞ்சும்? கையெல்லாம் கரியோடு எழுந்து, "எவ்வளவு உசரம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு விரல் தடிப்பு என்றேன். "யாரோட விரல்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி சரிதான்.

அடுத்த ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா அந்த வாரம் முழுக்க மிஷினை மிதித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். சூசை தாயார் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பயணிகள் கொடுத்துவிட்டுப் போன பழைய டிக்கெட்டுகளை ஒரு கைப்பிடி எடுத்தார். அந்தக் காலத்து ரயில் டிக்கெட் கெட்டி அட்டை. "கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க" என்றார். தரையில் உட்கார்ந்து அக்காவின் இடது குதிகாலுக்குக் கீழே ஒரு டிக்கெட்டை வைத்தார். இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.

"இப்ப?"

"இன்னும்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

அக்காவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக நேராவதை அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அக்கா, "போதும்" என்றாள். அவர் எத்தனை என்று எண்ணக்கூட இல்லை. காலுக்கு அடியிலிருந்து உருவிய அடுக்கை அப்படியே நூலால் கட்டிச் சட்டைப் பையில் போட்டு, சப்பாத்தையும் வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். துறைமுகத்தில் கழித்துப் போட்ட கப்பல் மிதவைச் சட்டையிலிருந்து தக்கை எடுத்து, அந்த உயரத்துக்குச் சீவி, தோலை மூடி ஒட்டி, சப்பாத்தை அவரே கையில் கொண்டுவந்து கொடுத்தார். "யார்கிட்டயாவது குடுத்துவிட்டிருக்கலாமே" என்றாள் அம்மா. "மறுபடி மாறிடக் கூடாதும்மா" என்றார்.

அம்மாவிடம் ஒரு வாரம் மன்றாடி, டான்ஸுக்கு அனுமதி வாங்கியது நான். அதற்கு நான் கொடுத்த வாக்கு, இனி அந்த ஹாலில் ஒரு சப்பாத்து மாறினால் நானே அக்காவை வீட்டில் உட்கார வைத்துவிடுவேன் என்பது. இந்த மாதிரி வாக்குகளைக் கொடுப்பது சுலபம்.

முதலில் சப்பாத்தின் அடியில் சுண்ணாம்புக் கட்டியால் பெயர் எழுதினேன். இரண்டு பாட்டுக்குள் எல்லாப் பெயரும் தரையில் தேய்ந்துவிட்டது. பார்சல் ஆபீஸ் அட்டைகளை நூலில் கட்டினேன். ஒரு வாத்தியார் நூலில் சிக்கி விழுந்தார், பாவம், ஜோடியோடு. பிறகு என் வகுப்புப் புத்தியைக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நாங்கள் ஆளுக்கொரு படம் வைத்திருப்போம். ஒருவனுக்கு மீன், ஒருத்திக்குக் குடை, பையை மாட்டும் ஆணியிலும் அதே படம். அதையே ஹாலில் செய்தேன். சுவரில் ஆணிகள், ஒவ்வொன்றின் மேலும் நானே வரைந்த படம். தம்பிராசா ஐயா தன் ஆணி முன்னால் வெகு நேரம் நின்றார்.

"என்ன பிள்ளை, எனக்கென்னத்துக்கு வாத்து?"

"மிச்சம் இருந்தது அதுதான் ஐயா."

"யானை ஆருக்குக் குடுத்தனீர்?"

யானை அவருடைய ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பியூனுக்குப் போயிருந்தது. அன்றோடு படத் திட்டம் முடிந்தது. "இனியும் சப்பாத்துக் கரைச்சல் வந்தால் நான் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு போயிடுவன்" என்று ஐயா சொல்லிவிட்டார். அன்று இரவு அக்கா மிஷினில் ஒரு கவுனுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள், காலடியில் வெட்டுத்துணி மூட்டை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் பூ ஸ்டெல்லாவுடையது. சிவப்புக் கோடு கார்டு வீட்டுப் பெண்ணுடையது. பச்சை இலை அந்த இன்னொரு பிலோவுடையது. பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடிந்தது. சொல்ல முடியாமல் எப்படி? அந்தக் காலத்துப் பெண் உயிரை விட்டாலும் விடுவாள், இன்னொரு வீட்டுப் பெண் போட்ட துணியில் கவுன் தைக்க மாட்டாள். டான்ஸுக்கென்று ஆளுக்கு ஒரு கவுன்தான் இருக்கும். அதையே வாரா வாரம் போடுவார்கள்.

"அக்கா, இதுலயே பை தைச்சா என்ன?"

அக்கா மிஷினை நிறுத்தினாள். அவ்வளவுதான். கவுனில் மிஞ்சிய துணியிலேயே அவரவருக்குப் பை. உடுத்தியிருப்பது எதுவோ அதுவே பை. மணி அடித்ததும் கழற்றிய சப்பாத்தை முதலில் பையில் போட்டுக் கையில் மாட்டிக்கொண்டுதான் செபத்துக்கு நிற்க வேண்டும் என்பது இரண்டாவது சட்டம். மாட்டாதவர்களுக்குத் தேநீர் கிடையாது. தேநீர் என் கையில்தானே இருந்தது! அப்புறம் ஒரு சப்பாத்தும் மாறவில்லை. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், ஒன்றுகூட மாறவில்லை.

ஆண்களுக்கு ஏது கவுன்? அக்கா தங்கை இருப்பவர்கள் அவர்களுடைய துணியில் தைத்துக்கொண்டார்கள். தம்பிராசா ஐயா மனைவியின் பழைய காஞ்சிபுரம் சேலைக் கரையில் ஒன்று தைத்துக்கொண்டு, வாத்தை மறந்து என்னை மன்னித்தார். கூடப் பிறந்தவள் இல்லாத பையன்கள்தான் திண்டாடினார்கள். அதில் ஒருவன் துணிச்சலாகத் தன் ஜோடிப் பெண்ணிடமே, "உங்க துணியில கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டான். அவள் கொடுத்தும்விட்டாள். மறுவாரம் இரண்டு பேர் கையிலும் ஒரே துணியில் பை. அதைப் பார்த்த ஹால் முழுதும் விஷயத்தைப் புரிந்துகொண்டது. அதற்குப் பிறகு துணி கேட்பது என்றால் பெண் கேட்பது என்றே ஆகிவிட்டது. செபத்துக்கு நிற்கும்போது யார் கையில் யார் துணி என்று அரைக் கண்ணால் பார்ப்போம். மாதாவும் பார்த்திருப்பாள், அந்த நேரத்தில் திரை திறந்துதானே இருக்கும்.

சூசை சனிக்கிழமை வேலையை மாற்றி வாங்கிக்கொண்டு டான்ஸுக்கு வரத் தொடங்கினார். அவருக்குத் தங்கை இருந்தாள். ஸ்டெல்லாவின் மஞ்சள் பூவில் பையும் இருந்தது. ஆனாலும் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா இருக்கும்போதே, அக்காவிடம் துணி கேட்டார்.

எங்கள் துணி நீலத்தில் வெள்ளைப் புள்ளி. எனக்கும் அக்காவுக்கும் அம்மா ஒரே சுருளில் எடுத்தது.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. இந்தப் பெண்ணை யாரும் கேட்டு வர மாட்டார்கள் என்று அவள் எப்போதோ முடிவு கட்டி வைத்திருந்தாள். அக்கா மட்டும் நிதானமாகக் கத்தரிக்கோலை எடுத்தாள். "துணி தரேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஆடப் போகாதேன்னு சொல்லக் கூடாது."

"நான்தான் உங்ககிட்ட ஆடக் கத்துக்கணும்" என்றார் அவர்.

கற்றும்கொண்டார், ஒரு மாதிரி. கல்யாணமாகிக் கைக்குழந்தை வந்த பிறகும் ஹாலுக்கு வந்தார்கள். குழந்தை என் மடியில், நீலப் புள்ளிப் பை இரண்டும் என் தோளில். எனக்கு அதில் குறை எதுவும் இல்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ஹாலில் அரிசி மூட்டை அடுக்கினார்கள். ரயில்வேக்காரர்களைச் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தபோது சூசை அத்தானும் போக வேண்டியதாயிற்று. மாற்றுச் சட்டை, ஒரு எனாமல் கோப்பை, செபமாலை. அவற்றைப் போட்டுக்கொள்ள அவர் எடுத்தது அந்த நீலப் புள்ளிப் பையைத்தான். "இது மாறாது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

யுத்தம் முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அக்கா குழந்தையோடு வீட்டில் இருப்பாள். கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு நான் போவேன். இறங்கியவர்களை முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது, அப்படி ஆகியிருந்தார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தேன். சாக்கு, கித்தான், ஓலைப் பெட்டி, வெறுங்கை. என்னுடைய பழைய நீலப் புள்ளிக் கவுனை மாதிரிக்குக் கொண்டுபோய், "அண்ணே, இந்தத் துணியில ஒரு பை பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். சிலர் கவுனைத் தொட்டுப் பார்த்தார்கள். யாரும் பார்த்திருக்கவில்லை. ரயில் வருவது நிற்கும்வரை போனேன். எத்தனையோ பேருடைய பையை மாறாமல் சேர்த்த எனக்கு அந்த ஒரு பை கிடைக்கவில்லை.

அக்கா அதன்பிறகு ஆடவில்லை. ஆனால் சாய்ந்து நடக்கவும் இல்லை. சப்பாத்துத் தோல் கிழிந்தால் புதியது வாங்கி, பழையதிலிருந்து தக்கையை எடுத்து அதற்குள் தானே ஒட்டிக்கொள்வாள். கண் மூடும்வரை அதே தக்கைதான். மகனை வளர்த்து ஆளாக்கிவிட்டுத்தான் போனாள். இப்போது அந்த ஹால் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். சீனத் தவுக்கே திரும்பி வரவே இல்லை. மணி அடித்ததும் பாட்டை நிறுத்திச் சப்பாத்தைக் கழற்றியவர்களில் நானும், பண்டமாரானில் மகன் வீட்டில் இருக்கும் ஸ்டெல்லாவும்தான் மிச்சம்.

அனித்தா போனை வைத்துவிட்டு வந்தாள். "கெடச்சிடுச்சு சின்னப் பாட்டி. நாளைக்குக் கொண்டுவந்து குடுப்பாங்களாம். ஹேப்பியா?"

"இங்க வா. உன் டான்ஸ் கவுன்ல மிஞ்சின துணி எங்க வச்சிருக்க? ஒரு பை தைச்சுத் தரேன்."

"மிஞ்சின துணியா? அது ரெடிமேட் லா. அதுல எப்படி மிஞ்சும்?"

அதுவும் சரிதான். வெட்டுத்துணி மூட்டை இருக்கிற வீடே இப்போது இல்லை. நான் அலமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். என்னுடைய நீலப் புள்ளிக் கவுன் அங்கேதான் இருந்தது, இத்தனை வருஷமாக ஒரு கத்தரி படாமல். ஜப்பான்காரன் காலத்துத் துணிப் பஞ்சத்தில் அம்மா கேட்டும் நான் கொடுக்கவில்லை. என்றைக்காவது யாராவது ஒரு பையைக் கொண்டுவந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமே என்று வைத்திருந்தேன்.

அனித்தாவிடம் அவளுடைய சப்பாத்து எவ்வளவு நீளம் என்று கையால் அளந்து காட்டச் சொன்னேன். அப்புறம் கவுனை மேசையில் விரித்து, நடுவில் வெட்டினேன்.